டெஸ்க்டொப் கொம்பியூட்டர் பழுதானால்: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம் பக்கத்தில் டெஸ்க்டொப் கொம்பியூட்டர் பழுதாவதற்கான காரணம் பெரும்பாலும் கொம்பியூட்டருக்கு வெளியில்தான் இருக்கிறது. கூடிக் குறையும் கரண்ட், ஒழுங்காக இறங்காத எர்த், ஐப்பசி இடி, வாவிக் காற்றின் ஈரமும் உப்பும், கச்சான் அடிக்கும் மாதங்களில் யன்னலால் வரும் புழுதி. இவற்றை எல்லாம் விட்டுவிட்டு விண்டோஸை அழித்துத் திரும்பப் போடுவதும், மதர்போர்ட் போய்விட்டது என்று யாரோ சொன்னதை நம்பிக் காசு கொடுப்பதும்தான் வழக்கமாக நடக்கிறது. ஆகவே இங்கே சுவர் சொக்கெட்டில் தொடங்கி, வயர், பவர் சப்ளை, மதர்போர்ட், டிஸ்க் என்று உள்ளே போவோம். விண்டோஸைக் கடைசியில் தொட்டால் போதும்.

தொடங்குவதற்கு முன்

பெரிய கருவி எதுவும் வேண்டாம். கூட்டல் குறித் தலை உள்ள ஸ்குரூ டிரைவர், மெல்லிய பெயிண்ட் பிரஷ், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பர், கையில் இருக்கும் போன். பெட்டியைத் திறந்ததும் எதையும் கழற்ற முன்பு போனில் நாலைந்து படம் எடுத்துவிடுங்கள். எந்த வயர் எங்கே குத்தியிருந்தது என்ற சண்டை பிறகு வராது.

இரண்டு விதிகளை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். ரெம் என்ற நினைவகத் துண்டையும் கேபிளையும் ஒன்றாக மாற்றி, கொம்பியூட்டர் ஓடத் தொடங்கினால் பழுது எதில் இருந்தது என்று தெரியாமலே போய்விடும். இரண்டாவது, டிஸ்க்கில் சந்தேகம் இருந்தால் திருத்துவதற்கு முன் பைல்களை வேறு இடத்துக்கு எடுங்கள்.

உள்ளே கை வைக்க முன் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. கழற்றிய பிறகு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் இரும்பை ஒருக்கா தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பவர் சப்ளை என்ற அந்தத் தகரப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் அதற்குள் நேர்மின்னாக மாறி 300 வோல்ட்டுக்கு மேலாகக் கப்பாசிட்டரில் நிற்கிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

பட்டனை அழுத்தினால் உயிரே இல்லை

விளக்கும் இல்லை, ஃபேன் சத்தமும் இல்லை. முதலில் அதே சொக்கெட்டில் போன் சார்ஜரைக் குத்திப் பாருங்கள். கரண்ட் இருந்தால் அடுத்தது யூபிஎஸ். யூபிஎஸ் செத்துவிட்டால் நல்ல கொம்பியூட்டரும் செத்ததைப் போலத்தான் கிடக்கும். கொம்பியூட்டரின் வயரை நேராகச் சுவரில் குத்துங்கள். அப்படியும் வரவில்லையென்றால் வயரை மாற்றுங்கள். மொனிட்டருக்குப் போகும் வயரும் பெரும்பாலும் அதே வகைதான், அதைக் கழற்றிக் குத்திப் பார்க்கலாம்.

13 அம்பியர் சதுர முள் பிளக்குக்குள் ஒரு சிறு ஃபியூஸ் இருக்கிறது. அது எரிந்திருந்தால் வெளியில் ஒன்றும் தெரியாது. பிளக்கைத் திறந்து அதே அளவு ஃபியூஸ் போடுங்கள். கம்பித் துண்டைச் செருகிச் சமாளிக்கும் கைவேலை இங்கே நிறைய உண்டு. அதன் விலையைப் பிறகு கொம்பியூட்டர் கொடுக்கும்.

பெட்டியின் பின்பக்கம், வயர் குத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். வீடு கூட்டும்போது தட்டுப்பட்டு அணைந்திருக்கலாம். பழைய பவர் சப்ளைகளில் அதற்கருகே 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்சும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கொம்பியூட்டர் என்றால் அது 230இல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். 115இல் விட்டு நம் கரண்டைக் கொடுத்தால் ஒரு வெடிச் சத்தத்தோடு கதை முடிந்துவிடும்.

இவை எல்லாம் சரி என்றால் பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுத் திரும்பக் குத்துங்கள். மின்வெட்டு முடிந்து கரண்ட் திடீரென்று வந்த பிறகு ஓன் ஆகாத பெட்டிகளில் கணிசமானவை இதற்கே எழும்பும். எழும்பவில்லையென்றால் பட்டனைச் சந்தேகப்படுங்கள். முன்பக்கப் பட்டனிலிருந்து வரும் இரட்டை வயர் மதர்போர்ட்டின் ஓரத்தில் இரண்டு ஊசிகளில் குத்தியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, பிளக்கைத் திரும்பக் குத்தி, அந்த இரண்டு ஊசிகளையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொடுத்துப் பாருங்கள். ஓன் ஆனால் பழுது பட்டனில்தான். ரீசெட் பட்டனின் வயரை அந்த இடத்தில் குத்திவிட்டு ரீசெட்டையே பவர் பட்டனாகப் பாவிக்கலாம், செலவு ஒன்றுமில்லை.

கடைசியாகப் பவர் சப்ளை. பிளக்கைக் கழற்றிவிட்டு மதர்போர்ட்டிலிருந்து 24 ஊசிப் பெரிய பிளக்கையும் மற்ற வயர்களையும் உருவி எடுங்கள். அந்தப் பெரிய பிளக்கில் பெரும்பாலும் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதன் துளையையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரின் துளையையும் பேப்பர் கிளிப்பால் இணைத்த பிறகு கரண்டைக் கொடுத்தால் நல்ல பவர் சப்ளையின் ஃபேன் சுற்றும். பழைய டிஸ்க் ஒன்றைச் சுமையாகக் குத்தி வைத்தால் நல்லது, சில புதிய சப்ளைகளில் சுமை இல்லாவிட்டால் ஃபேன் சுற்றாது. இதில் ஒரு விஷயம்: ஃபேன் சுற்றினால் சப்ளை முழுதாகச் செத்துவிடவில்லை என்று மட்டும்தான் பொருள். சுமை ஏறும்போது தளரும் சப்ளையும் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறது

இதைப் பழுதாகவே யாரும் எண்ணுவதில்லை. "அது எப்பவும் அப்பிடித்தான் தம்பி, செருப்புப் போட்டுக்கொண்டு இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டு வருடக்கணக்காக ஓட்டுகிறார்கள். ஆனால் இந்தப் பட்டியலிலேயே மிக முக்கியமானது இதுதான்.

பவர் சப்ளைக்குள் கரண்ட் வரும் இரண்டு வயர்களிலிருந்தும் பெட்டியின் இரும்புக்கு இரண்டு சின்னக் கப்பாசிட்டர்கள் போகின்றன. மின் இரைச்சலை எர்த்துக்குள் இறக்குவதுதான் அவற்றின் வேலை. எர்த் இல்லாத வீட்டில் அது இறங்க இடமில்லாமல் பெட்டியின் இரும்பிலேயே நிற்கிறது. அப்போது இரும்பில் ஏறத்தாழ 115 வோல்ட், வீட்டு வோல்ட்டேஜில் பாதி, தெரியும். ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுரீர் என்பதோடு நிற்கிறது. டெஸ்ட்டரைப் பெட்டியில் வைத்தால் மங்கலாக எரிவதும் இதனால்தான்.

ஆளுக்கு வரும் ஆபத்து ஒருபுறம் இருக்க, கொம்பியூட்டரையும் இது கொல்லும். ஓடிக்கொண்டிருக்கும்போது மொனிட்டர் கேபிளையோ பிரிண்டர் கேபிளையோ குத்தினால் அந்த மின்சாரம் கேபிள் வழியாகப் பாயும். எச்டிஎம்ஐ போர்ட்டும் யூஎஸ்பி போர்ட்டும் அடிக்கடி செத்துப்போகிற வீடு என்றால் முதலில் எர்த்தைப் பார்ப்பேன்.

வழக்கமான காரணங்கள்: மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக மாற்றும் அடாப்டர், எர்த் வயர் உள்ளேயே கொடுக்காத மலிவு மல்டி பிளக், பழைய உருண்டை முள் சொக்கெட்டில் எர்த் துளை மட்டும் இருந்து பின்னால் வயர் இல்லாமல் இருப்பது. இவை சரியாக இருந்தும் சுரீர் என்றால் வீட்டின் எர்த் கம்பிதான். கல்லடி, காத்தான்குடி, திருக்கோவில் போன்ற கரையோர ஊர்களில் மண் வெறும் மணல்; மழை நின்று சில மாதம் போனதும் கம்பியைச் சுற்றி மணல் காய்ந்து மின்சாரம் இறங்குவது குறைந்துவிடும். உப்புக் காற்றில் கம்பியைப் பிடித்திருக்கும் கிளாம்பும் பச்சை பூத்துத் தொடர்பை இழக்கும். இதற்கு மின் வேலை தெரிந்த ஒருவரைத்தான் கூப்பிட வேண்டும். எர்த்தையும் நியூட்ரலையும் சொக்கெட்டிலேயே முடிந்துவிடும் குறுக்கு வழியை யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நியூட்ரல் எங்காவது கழன்றால் பெட்டி முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும்.

ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுவதும் இதே கதையின் இன்னொரு முனை. வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் கசிந்தால் விழுபவை. கொம்பியூட்டரைக் குத்தியதும் உடனே விழுந்தால் பவர் சப்ளையைச் சந்தேகப்படலாம். மழை நாட்களில் மட்டும் விழுந்தால் ஈரம் ஏறிய சொக்கெட்டோ வெளிவிளக்கோ காரணமாக இருக்கும். விழுகிறது என்பதற்காக அதைத் தாண்டி நேராக வயர் இழுக்காதீர்கள்.

ஃபேன் சுற்றுகிறது, மொனிட்டர் கறுப்பு

கடைக்கு வரும் பெட்டிகளில் இதுதான் அதிகம், வீட்டிலேயே சரிசெய்யக்கூடியதும் இதுதான்.

கீபோர்ட்டில் கெப்ஸ் லொக்கை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கொம்பியூட்டர் உயிரோடு இருக்கிறது, படம் மட்டும்தான் வரவில்லை. மொனிட்டரில் "நோ சிக்னல்" என்று எழுத்து வந்தால் மொனிட்டர் நல்லது. மொனிட்டரின் மெனுவில் எந்த உள்ளீடு தெரிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கேபிள் எச்டிஎம்ஐயில் இருக்க, மொனிட்டர் விஜிஏயில் காத்துக்கொண்டிருக்கும். தனியாகக் கிராஃபிக்ஸ் கார்ட் இருந்தால் கேபிள் அந்தக் கார்ட்டில்தான் குத்தப்பட வேண்டும். மேலே மதர்போர்ட்டில் இருக்கும் போர்ட்டில் குத்தினால் பல நேரம் ஒன்றும் வராது. இன்டெல்லில் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடியும் புரொசெசர்களுக்கும், ஏஎம்டியின் ரைசனில் 5000 வரிசை வரை ஜி எழுத்து இல்லாத பெரும்பாலானவற்றுக்கும் சொந்தமாகப் படம் காட்டும் வசதியே இல்லை.

அடுத்தது ரெம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருக்கும் நமக்கு இது தீராத தொல்லை. ஈரக் காற்றில் ரெம்மின் தங்கநிறப் பற்களில் மெல்லிய படலம் படிந்து தொடர்பு விட்டுப் போகிறது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. பிளக்கைக் கழற்றி, ரெம்மின் இரண்டு பக்கக் கொளுவிகளையும் விலக்கி அதை வெளியே எடுங்கள்.
2. பற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை மதர்போர்ட்டுக்கு வெளியே தட்டிவிட்டு, காய்ந்த துணியால் துடையுங்கள்.
3. சொக்கெட்டுக்குள் பிரஷை ஓட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரமும் துருவைத்தான் கொண்டுவரும்.
4. ஒரேயொரு ரெம்மை மட்டும், இரண்டு பக்கமும் "டக்" என்று கேட்கும்வரை அழுத்திக் குத்துங்கள். நான்கு துளை உள்ள மதர்போர்ட் என்றால் பெரும்பாலும் புரொசெசரிலிருந்து (கூலர் ஃபேனுக்குக் கீழே இருப்பது) இரண்டாவது துளை.
5. வரவில்லையென்றால் அடுத்த துளை, பிறகு அடுத்த ரெம்.

மதர்போர்ட்டில் சின்ன ஸ்பீக்கர் இருந்தால் பீப் சத்தத்தைக் கவனியுங்கள். திரும்பத் திரும்ப நீளமாகக் கத்தினால் பெரும்பாலும் ரெம். ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் கிராஃபிக்ஸ் பக்கம். இது கம்பனிக்குக் கம்பனி மாறும், மதர்போர்ட்டின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். புதிய மதர்போர்ட்கள் பலவற்றில் புரொசெசர், ரெம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எதில் நின்று எரிகிறதோ அங்கேதான் சிக்கல்.

இன்னும் கறுப்பு என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு, மதர்போர்ட்டில் இருக்கும் காசு வடிவ பட்டரியைச் சில நிமிடம் எடுத்து வைத்துத் திரும்பப் போடுங்கள். அமைப்புகள் எல்லாம் தொடக்க நிலைக்குப் போகும். அதற்கும் அசையாவிட்டால் டிஸ்க், கார்ட், யூஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றி, புரொசெசர், ஒரு ரெம், பவர் சப்ளை (புரொசெசருக்குப் படம் காட்டும் வசதி இல்லையென்றால் கிராஃபிக்ஸ் கார்ட்டும்) மட்டும் வைத்து முயலுங்கள். புரொசெசருக்குப் பக்கத்தில் குத்தும் 4 அல்லது 8 ஊசிப் பிளக் கழன்றிருந்தாலும் இதே கறுப்புத்தான்.

பழைய மதர்போர்ட் என்றால் புரொசெசரைச் சுற்றி நிற்கும் உருளைக் கப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது வீங்கியோ, மேலே பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அதுதான் நோய். 2000களின் முதற்பாதியில் உலகம் முழுவதும் தரம் குறைந்த கப்பாசிட்டர்கள் புகுந்து ஏராளமான மதர்போர்ட்களைக் கெடுத்தன. அந்தக் காலத்துப் பெட்டிகள் இன்னும் சில வீடுகளில் ஓடுகின்றன. கப்பாசிட்டரை மாற்றலாம், ஆனால் கோர் 2 டுவோ காலத்து மதர்போர்ட்டுக்கு அந்தக் காசைச் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

இடி மின்னலுக்குப் பிறகு

இலங்கையில் இடி மின்னல் கூடுதலாக இருப்பது இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட மாதங்களில்: மார்ச், ஏப்ரல், பிறகு ஒக்டோபர், நவம்பர். பின்னேரம் வானம் இருட்டும்போது நாம் கொம்பியூட்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு ரவுட்டரை விட்டுவிடுகிறோம். மின்னல் வருவது பல நேரம் அந்த வழியால்தான். டெலிபோன் செப்புக் கம்பியில் ஏறி, ரவுட்டருக்குள் போய், லேன் கேபிளால் மதர்போர்ட்டுக்கு வந்துவிடும். ஃபைபர் இணைப்பு கண்ணாடி இழை என்பதால் அதில் ஏறாது, ஆனால் அந்தப் பெட்டியின் அடாப்டர் சுவரில்தானே குத்தியிருக்கிறது. மூன்றையும் கழற்றுங்கள்: கொம்பியூட்டர் பிளக், ரவுட்டர் அடாப்டர், லேன் கேபிள்.

அடித்துவிட்டால் நல்ல செய்தியும் உண்டு. பல பெட்டிகளில் லேன் போர்ட் மட்டும் செத்து மற்றதெல்லாம் நன்றாக ஓடும். கேபிள் குத்தியும் போர்ட்டின் குட்டி விளக்கு எரியவில்லை, வேறு கொம்பியூட்டரில் அதே கேபிள் வேலை செய்கிறது என்றால் மதர்போர்ட்டை மாற்றத் தேவையில்லை. ஒரு லேன் கார்ட் அல்லது யூஎஸ்பி வைஃபை அடாப்டர் போதும். செத்த போர்ட்டை பயோஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் மதர்போர்ட்டின் அமைப்புத் திரை) அணைத்துவிடுங்கள்; சிலவேளை அது விண்டோஸைத் தொடங்கவிடாமல் இழுத்தடிக்கும்.

ஓடும்போதே அணைந்துவிடுகிறது

எப்போது அணைகிறது என்பதுதான் கேள்வி. ஓன் செய்து கொஞ்ச நேரத்தில், அல்லது கேம், வீடியோ என்று சுமை ஏறும்போது என்றால் சூடு. மின்வெட்டு வந்த கணமே என்றால் யூபிஎஸ் பட்டரி. நேரம் காலம் இல்லாமல் என்றால் பவர் சப்ளை அல்லது ரெம்.

சூட்டைப் பார்க்க பயோஸுக்குள் போனால் புரொசெசரின் வெப்பநிலை தெரியும். நம் ஊர் அறை வெப்பத்தில் சும்மா இருக்கும்போது 40 முதல் 55 பாகை செல்சியஸ் வரை இருந்தால் பயப்பட வேண்டாம். 95ஐத் தாண்டினால் புரொசெசர் தானே வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் அணைத்துவிடும்.

பெரும்பாலும் குற்றவாளி ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளிபோல் படிந்திருக்கும் தூசுதான். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷால் தட்டி எடுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கடைக்குப் பெட்டியைக் கொண்டுபோய் ஊதிவரும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அந்தக் கம்பிரசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், வேண்டாம். சுத்தம் செய்தும் சூடு குறையவில்லையென்றால் புரொசெசருக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். பழையதைத் துடைத்துவிட்டு நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். ஏஎம்4 வகை ஏஎம்டி புரொசெசர் என்றால் கொம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி அணைத்து, பிளக்கைக் கழற்றி, கூலரை இடம் வலமாக மெல்லத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் புரொசெசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளையும். சூடு என்று பக்கத் தகட்டைத் திறந்து வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பல்லியும் எறும்பும் அதைத்தான் எதிர்பார்த்திருக்கின்றன.

யூபிஎஸ்ஸின் 12 வோல்ட் பட்டரிக்கு நம் வெப்பத்தில் இரண்டு மூன்று வருடம்தான் ஆயுள். யூபிஎஸ் பழுது என்று புதிதாக வாங்க முன் பட்டரியை மட்டும் மாற்றிப் பாருங்கள். லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் குத்தாதீர்கள், அது சூடாகும்போது இழுக்கும் கரண்டைச் சிறிய யூபிஎஸ் தாங்காது.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் (ஈவென்ட் வியூவர்) கேர்னல் பவர் 41 என்று எழுதியிருப்பதைக் காட்டி, அதனால் பவர் சப்ளை போய்விட்டது என்று சொல்வார்கள். அது ஒழுங்காக அணையாமல் நின்றுவிட்டது என்பதை மட்டும்தான் சொல்கிறது. காரணத்தைச் சொல்வதில்லை.

நேரம், திகதி பின்னுக்குப் போகிறது

மதர்போர்ட்டின் சிஆர் 2032 பட்டரி தீர்ந்துவிட்டது. மணிக்கூடு திருத்தும் கடையிலும் கிடைக்கும். திகதி பிழை என்றால் இணையத்தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். நெட் பழுது என்று நினைத்து ரவுட்டரோடு சண்டை பிடிக்காதீர்கள். பட்டரி போனதும் பயோஸ் அமைப்புகள் அழிவதால் டிஸ்க்கின் முறை மாறி, விண்டோஸ் நீலத் திரையோடு நிற்பதும் நடக்கும். பயோஸில் சாட்டா (டிஸ்க் இணைப்பு) முறையை முன்பிருந்ததற்கு, பெரும்பாலும் ஏஎச்சிஐக்கு, மாற்றினால் சரியாகிவிடும். அதற்குள் யாரும் விண்டோஸை அழிக்காமல் இருந்தால் சரி.

விண்டோஸ் வரவில்லை, அல்லது ஊர்ந்து வருகிறது

பூட் செய்ய டிஸ்க் இல்லை என்று எழுத்து வந்தால் முதலில் குத்தியிருக்கும் பென் டிரைவைக் கழற்றுங்கள். பிறகு பயோஸில் டிஸ்க்கின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதன் சாட்டா கேபிளைக் கழற்றிக் குத்துங்கள், வேறு கேபிள் போடுங்கள். மலிவான இந்தக் கேபிளால் நல்ல டிஸ்க்குகள் குப்பைக்குப் போயிருக்கின்றன.

பெயர் இருந்தும் விண்டோஸ் வரவில்லையென்றால், விண்டோஸ் தொடங்கும் நேரத்தில் பவர் பட்டனை அழுத்தி அணைப்பதை இரண்டு மூன்று தடவை செய்தால் மீட்புத் திரை வரும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், பிறகு சேஃப் மோட், பிறகு சிஸ்டம் ரிஸ்டோர். பைல்களை வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதுப்பிக்கும் வழியும் அதே திரையில் இருக்கிறது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் மீட்புச் சாவி கேட்டால், பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கலாம். கணக்கின் கடவுச்சொல்லே மறந்தவர்கள் இன்றைக்கே மீட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நீலத் திரை வந்தால் அதில் உள்ள குறியீட்டைப் படம் எடுங்கள். அதற்கு முன்தினம் புதிதாக என்ன போட்டீர்கள் என்று யோசியுங்கள்: டிரைவர், ரெம், புதிய யூஎஸ்பி சாமான். குறியீடு ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருந்தால் ரெம்தான் என் முதல் சந்தேகம். விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக்கை இரவில் ஓடவிட்டுப் பாருங்கள்.

மெதுவாக ஓடினால் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜரில் டிஸ்க் எப்போதும் 100 வீதத்தில் நின்றால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். 05, சி5 என்ற வரிகளின் எண்ணிக்கை பூச்சியத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. அப்போது செக் டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சோதனையை ஓடவிடாதீர்கள், சாகப்போகும் டிஸ்க்கை அது இன்னும் வேலை வாங்கும். கல்யாணப் படங்களையும் அலுவலகக் கணக்கையும் முதலில் வெளியே எடுங்கள். "டிக், டிக்" என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

டிஸ்க் நல்லதாக இருந்தும் மெதுவாக இருந்தால் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) போடுவதற்கு ஈடான மருந்து வேறில்லை. பழைய சுழலும் டிஸ்க் நல்ல நாளில் விநாடிக்கு 100 முதல் 200 மெகாபைட் வாசிக்கும்; சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500க்கு மேல். ரெம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். கையில் காசு ஒன்றுக்குத்தான் என்றால் எஸ்எஸ்டிக்குத்தான் கொடுப்பேன்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத புரொசெசரும் வேண்டும். அதற்குக் கீழே உள்ள பெட்டியில் குறுக்கு வழியில் 11ஐத் திணித்துத் தருவார்கள், ஓடும். அப்டேட் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளின் படிப்புக்கும் நெட்டுக்கும் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் நல்ல தெரிவு.

தமிழ் எழுத்துச் சிக்கலும் பென் டிரைவும்

பழைய கடிதம், வினாத்தாள், கோயில் அழைப்பிதழ் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக வருகிறது. வைரஸ் என்று சொல்லி போமட் செய்துவிடுகிறார்கள். அந்தப் பைல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது, உங்கள் கொம்பியூட்டரில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பாமினியை நிறுவினால் எழுத்து வந்துவிடும். நெடுநாள் வைத்திருக்க வேண்டியவற்றை எழுத்துரு மாற்றி மூலம் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

கொமியூனிக்கேஷன் கடையில் பிரிண்ட் எடுத்துவந்த பென் டிரைவில் போல்டர் எல்லாம் குறுக்கு அம்புக் குறியோடு தெரிகிறதா? அது நிஜமாகவே வைரஸ். உள்ளே இருப்பவை அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அம்புக் குறிகளைத் திறக்காதீர்கள். விண்டோஸ் டிஃபென்டரால் பென் டிரைவைச் சோதித்து, மறைந்த பைல்களையும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் பைல்களையும் காட்டும்படி அமைப்பை மாற்றினால் எல்லாம் தெரியும். தேவையானவற்றை எடுத்துவிட்டு, அந்தப் பென் டிரைவைத்தான் போமட் செய்ய வேண்டும், கொம்பியூட்டரை அல்ல.

சின்னச் சின்னப் பழுதுகள்

சத்தம் இல்லை என்றால் கீழ் மூலை ஸ்பீக்கர் குறியை அழுத்தி, சத்தம் மொனிட்டருக்குப் போகிறதா, ஸ்பீக்கருக்குப் போகிறதா என்று பாருங்கள். பின்பக்கம் பச்சைத் துளைதான் ஸ்பீக்கருக்கு. யூஎஸ்பி முன்பக்கத்தில் வேலை செய்யாவிட்டால் பின்பக்கத்தில் குத்துங்கள். பிரிண்டர் வரிசையில் நின்றுகொண்டே இருந்தால் சேர்விசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தித் தொடங்குங்கள். நெட் இல்லையென்றால் அதே வைஃபையில் போன் வேலை செய்கிறதா என்று பாருங்கள்; செய்யவில்லை, ஃபைபர் பெட்டியில் லொஸ் விளக்கு சிவப்பு என்றால் உங்கள் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, இணைப்புத் தந்தவர்களுக்கு அழையுங்கள். போனில் வருகிறது, கொம்பியூட்டரின் முகவரி 169.254 என்று தொடங்குகிறது என்றால் கொம்பியூட்டரும் ரவுட்டரும் ஒன்றையொன்று காணவில்லை. இரண்டையும் அணைத்து, ரவுட்டரை முதலில் ஓன் செய்யுங்கள்.

வெள்ளத் தண்ணீர் நுழைந்தால்

2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குத் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று தெரியும். மாரி தொடங்க முன் பெட்டியை நிலத்திலிருந்து மேசைக்கு ஏற்றிவிடுங்கள். நனைந்துவிட்டால் ஓன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் முதல் சிகிச்சை. வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது பிளக்கைத் தொடாதீர்கள், மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான், அதுவும் காய்ந்த இடத்தில் நின்று எட்ட முடிந்தால் மட்டும். பெட்டியைத் திறந்து மதர்போர்ட் பட்டரியைக் கழற்றுங்கள், அது இருக்கும்வரை துரு ஓடிக்கொண்டே இருக்கும். மதர்போர்ட், ரெம், கார்ட்களைச் சேறு போகும்வரை நல்ல தண்ணீரில் அலசி, கடைசியாக பட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் ஒருக்கா அலசி, நிழலில் ஃபேன் காற்றில் பல நாள் காயவிடுங்கள். பவர் சப்ளையை எறிந்துவிடுங்கள். சுழலும் டிஸ்க் நனைந்திருந்தால் திறக்கவும் வேண்டாம், கரண்ட் கொடுக்கவும் வேண்டாம். உள்ளே இருப்பது முக்கியம் என்றால் தரவு மீட்பவரிடம் அப்படியே கொடுங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

இதுவரை செய்து பார்த்தவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். "வேலை செய்யுதில்ல" என்பதைவிட "ஃபேன் சுற்றுது, கெப்ஸ் லொக் எரியுதில்ல, ரெம் மாற்றிப் பார்த்தாச்சு" என்று சொல்பவரின் பெட்டி கெதியாகத் திருத்தப்படும். பழுது விண்டோஸில் இல்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். ரெம், டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்ட்டின் சீரியல் எண்களைப் படம் எடுத்து வையுங்கள். செலவு எவ்வளவு என்று கேட்டு, சம்மதம் சொன்ன பிறகு திருத்தச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். "போமட் பண்ணட்டா?" என்று கேட்டால் பைல்களை எடுத்தாகிவிட்டதா என்று திரும்பக் கேட்காமல் ஓம் சொல்லிவிடாதீர்கள்.